பிரிட்டா யார் பொறுப்பில்

அமெரிக்காவின் டுலூத் நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில் வருமான வரிக் கணக்கை இலவசமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து நேரே வந்திருந்த மார்லிஸுக்குக் கால் இரண்டும் கடுத்தன.

எதிரே அவள் கணக்கை எழுதிக்கொண்டிருந்த ஐரீன் கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "உங்க கணக்கை வரி ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. உங்க பொண்ணு பிரிட்டாவைத் தன் பொறுப்புல இருக்குற பிள்ளைன்னு வேற யாரோ ஏற்கெனவே காட்டிட்டாங்க. பிள்ளைக்குன்னு வர்ற வரிச்சலுகைப் பணம் ஒருத்தருக்குத்தான் கிடைக்கும்."

"யாரோ என்ன யாரோ! என் பழைய புருஷன் டுவேன்தான். விவாகரத்து ஆனதிலேருந்து வருஷா வருஷம் நான்தான் காட்டுறேன்."

"அப்போ எதிர்த்து எழுதுவோம். அதிக ராத்திரி யார் வீட்ல இருந்தாளோ அவங்கதான் காட்டலாம். போன வருஷம் பொண்ணு ராத்திரியில பெரும்பாலும் எங்க தூங்குனா?"

"என்கிட்டத்தான்…" என்று ஆரம்பித்த மார்லிஸ் பாதியில் நின்றாள்.

போன வருடம் மார்ச்சில் கார் படுத்துவிட்டது. பள்ளி டுவேன் வீட்டுப் பக்கம். 'கார் சரியாகிற வரைக்கும் அப்பா வீட்ல இரு' என்று அவள்தான் அனுப்பிவைத்தாள். ஜூனில் கார் சரியாகிவிட்டது. அப்புறம் கோடை விடுமுறை, அப்புறம் பள்ளி. இவளுக்கோ ஓயாத வேலை. பிரிட்டா சனி, ஞாயிறு மட்டும் வந்து போனாள். அடுத்த வாரம் கூட்டிவரலாம், அடுத்த வாரம் என்றே வருடம் ஓடிவிட்டது.

வெளியே பனியில் நின்று டுவேனைப் போனில் கூப்பிட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா ரோஷத்துல அவளைக் கூட்டிட்டுப் போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு, மார்லிஸ்."

"சண்டை போடத்தான் கூப்பிட்டேன். தெம்பில்ல."

"வர்ற பணத்துல பாதி தரட்டுமா?"

"வேண்டாம். அவ என்னைத் தேடுறாளா?"

டுவேன் யோசித்தான். "ஞாயித்துக்கிழமை நீ விட்டுட்டுப் போனதும் கொஞ்ச நேரம் பேசமாட்டா. அப்புறம் சரியாயிடுவா."

சரியாகிவிடுகிறாள் என்பதைத்தான் மார்லிஸால் தாங்க முடியவில்லை. உள்ளே போய், "அவ பேரை எடுத்துடுங்க" என்றாள். ஐரீன் எடுத்துவிட்டுக் கணக்கை மறுபடி அனுப்பினாள்.

வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டியவள், காரைப் பள்ளி வாசலுக்கு ஓட்டினாள். மணி அடித்ததும் வெளியே வந்த பிரிட்டா, காரைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

"என்னம்மா, இன்னைக்குச் சனிக்கிழமை இல்லையே?"

"இல்லதான். அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன், ஏறு" என்று மார்லிஸ் கதவைத் திறந்துவிட்டாள்.