கர்ட்டின் கோட்டு

எங்கள் ஊரில் குளிர்காலத்தில் என்ஜின் உறைந்து நின்றுவிட்டால் ஆளும் விறைத்துப்போவான், அதனால் பக்கத்து வண்டி கிளம்பாமல் யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் அவன் என்ஜின் உறுமுகிறவரை காத்திருப்பார்கள். என் வண்டிக்கு மட்டும் போன வருஷத்திலிருந்து யாரும் நிற்பதில்லை. புருஷனைக் கொன்றவளுக்கு எதற்காம் அந்த மரியாதை?

நான் கொல்லவில்லை. அன்றைக்குச் சண்டை போட்டது நிஜம். ஆனால் என் புருஷன் கர்ட் கோட்டை மாட்டிக்கொண்டுதான் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். மறுநாள் ஏரிக்கரையில் விறைத்துக் கிடந்தவன் மேல் வெறும் சட்டை, கோட்டைக் காணோம். நான்தான் அவனைக் கோட்டில்லாமல் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினேன் என்றாள் என் மாமியார் ஆர்டிஸ். பெற்றவளே சொன்னால் ஊர் நம்பாதா? ஆதாரம் இல்லையென்று போலீஸ் விட்டுவிட்டது. ஊர் விடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, மத்தியானம், தீயணைப்பு நிலையத்தில் வினாடி வினா. எல்லாமே பனியும் குளிரும் பற்றிய கேள்விகள். போகாவிட்டால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று வீம்புக்குப் போனேன். என் மேஜையில் நான் மட்டும்தான்.

கேள்வி கேட்டவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மெர்ல். பழைய கிறிஸ்துமஸ் படங்களில் பனி என்று எதைக் கொட்டினார்கள்? கல்நாரையாம், அதுதான் ஆஸ்பெஸ்டாஸ். நடிகர்கள் தலையில் விஷத்தைத் தூவிவிட்டுச் சிரிக்கச் சொன்னார்களே என்று எல்லோரும் கெக்கலி கொட்டினார்கள். துருவக் கரடிக்கு ரோமத்துக்கு அடியில் தோல் என்ன நிறம்? கறுப்பு. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, சேர்ந்து சிரிக்கத்தான் ஆள் இல்லை.

அடுத்த கேள்வியை மெர்ல் முன்கூட்டியே படித்துப் பார்க்கவில்லை, பாவி மனுஷன். குளிரில் விறைத்துச் சாகப்போகிறவன் கடைசியில் செய்கிற விசித்திரமான காரியம் என்ன என்று கேட்டார். விஸ்கி கேட்பான் என்று யாரோ சொன்னார்கள். மெர்ல் சிரித்துக்கொண்டே பதிலைப் படித்தார்.

"உடம்பெல்லாம் பத்தி எரியற மாதிரி தோணி, போட்டிருக்கற துணிய அவனே கழட்டி..."

அதோடு வாயை மூடிக்கொண்டார். ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை. ஆர்டிஸ் மட்டும் எழுந்து, அது நிஜமா என்று கேட்டாள். நிஜம்தான், சாகிற நேரத்தில் புத்தி பேதலித்துவிடுமாம் என்றார் மெர்ல்.

அவள் வெளியே போனாள். காரிலிருந்து ஒரு கோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். சேறு காய்ந்த, கர்ட்டின் கோட்டு.

"பனி உருகினப்ப கரையில கெடந்துச்சு. வேணும்னே கழட்டிப் போட்டுட்டுப் படுத்துட்டான்னு நெனச்சேன், ட்ரூடி. எம்புள்ள தற்கொல பண்ணிக்கிட்டான்னு ஊர் பேசறதுக்கு, நீ கொன்னேன்னே பேசட்டும்னு ஒளிச்சு வெச்சுட்டேன்."

எழுந்துவிட்டேன். அறைந்திருப்பேன். அதற்குள் அவள், "அவன் சாகணும்னு போகலதானே?" என்று கேட்டுவிட்டாள்.

"கோவத்துல போனான். விடிஞ்சா வந்து முட்டை பொரிச்சுக் குடுன்னு நின்னிருப்பான்."

கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஊரே பின்னால் வந்து, என் வண்டிக்காகக் காத்து நின்றது. முதல் தடவையிலேயே கிளம்பிவிட்டது. உடனே எல்லோரும் தங்கள் தங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆர்டிஸின் கார் இருமிக்கொண்டே இருந்தது. அதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அவளை மன்னிக்கவில்லை. இந்த ஜென்மத்தில் முடியாது. கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவள் வண்டி கிளம்புகிறவரை அங்கேயே இருந்தேன்.