அன்புக்கரசிக்கு ஒரு புடவை

1

இந்தக் கதை சுவர் வழியாக வந்தது. எண்ணூரில் எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுகூட எனக்குத் தெரியும். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். காது இருந்தது, கேட்டது.

முதல் வரிக்கு நான்கு முயற்சிகள். 'நேர்காணலுக்கு அன்புக்கரசி எடுத்து வைத்த புடவை வானத்தின் நிறத்தில்...' வேண்டாம். எங்கள் வானத்தின் நிறத்தில் யாரும் புடவை கட்டமாட்டார்கள்.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அன்புக்கரசி, எம்.எஸ்சி., பி.எட்., கணக்கு. இரண்டு வருடமாக வீட்டில் டியூஷன். இன்று பத்து மணிக்குத் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் நேர்காணல். புடவை கட்டாயம். அதே பள்ளியில் அவள் அம்மா வேம்பு பதினோரு வருடமாக ஆயா. இன்று மகளுக்காக லீவு போட்டிருக்கிறார். (முதல் வரைவில் வேம்புவைச் சித்தாள் ஆக்கியிருந்தேன். பொய் ஒட்டவில்லை.)

அன்புக்கரசியிடம் உருப்படியாக இருப்பது ஒரே ஒரு காட்டன் புடவை, சந்தன நிறம். நேற்று வேம்பு அதற்குக் கஞ்சி போட்டு மொட்டைமாடியில் காயப்போட்டார். இந்த ஊரில் துணி வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில்தான் காயும். வெளியே போட்டால் அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்றோடு வரும் கரித்தூள் படியும். சாதாரணத் துணியென்றால் உதறிவிடலாம். ஈரக் கஞ்சியில் விழுந்தது விழுந்ததுதான்.

"இன்னாம்மா இது? புள்ளி புள்ளியா கீது!"

"வெயில்ல போட்டா மொறப்பா நிக்கும்னு பாத்தேன்டி. நீ டீச்சராட்டம் போவணும்னு..."

பிறகு வேம்பு அழுதார். அதுவும் கேட்டது.

3

வீட்டில் மிச்சம் ஒரே ஒரு புதுப்புடவை. தீபாவளிக்குப் பள்ளி கொடுத்தது. டீச்சர்களுக்குப் பச்சை, ஆயாக்களுக்கு ஊதா. வேம்புவுடையது ஊதா.

"அத்த மட்டும் கட்டாதடி. உள்ள போனதும் தொடப்பத்த கைல குடுத்துருவாங்க."

[அடிக்குறிப்பு: அக்கம்பக்கத்தில் இரவல் கேட்கலாமே என்பீர்கள். பக்கத்து வீடு என் வீடு. என் மனைவி கார்குழலி தாய்வீடு போயிருக்கிறாள். அவள் பீரோவில் எட்டு காட்டன் புடவைகள் இருக்கின்றன. பீரோ சாவியை அவள்... பிறகு சொல்கிறேன்.]

4

மூன்று முடிவுகள் யோசித்தேன்.

அ) ஊதாவில் போகிறாள், வேலை கிடைக்கிறது. ரொம்ப இனிப்பு.

ஆ) ஊதாவில் போகிறாள், கிடைக்கவில்லை. சிறுகதைக்கு நல்லது.

இ) பக்கத்து வீட்டுக்காரன் ஒரு புடவை கொண்டுவந்து கொடுக்கிறான். கதையே இல்லை.

இ-யை அடித்தேன். அடிக்கும்போது பீரோ சாவி என் சட்டைப்பையில் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒன்பது மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்து, கார்குழலியின் நீலப் புடவையை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். அன்புக்கரசி திறந்தாள். ஊதாப் புடவை. மடிப்பெல்லாம் வரிசையாகப் பின் குத்தி முடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வேம்பு முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"காலைலேர்ந்து உன் சேரு சத்தம் கேட்டுகினே இருந்துச்சுண்ணா," என்றாள் அன்புக்கரசி. "எயுதிகினு இருந்தியா?"

சுவர் இரண்டு பக்கமும் ஒரே கனம்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீலப் புடவையை நீட்டினேன்.

"இனிமே அவுத்துக் கட்ட டைம் இல்ல. பஸ் பூடும். வரேன்."

போய்விட்டாள்.

5

நேர்காணல் அறை எனக்குக் கேட்காது. ஆகவே முதல்வரின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மேசைமேல் அவள் சான்றிதழ்கள் இருக்கின்றன. கணக்கில் எண்பத்தேழு சதவீதம். அதைத்தான் குனிந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள். வராந்தாவை ஓர் ஆயா துடைத்துக்கொண்டிருக்கிறார்.

கதவு திறக்கிறது. நீங்கள் இன்னும் தலை நிமிரவில்லை. ஓரக்கண்ணில் ஊதா மட்டும் தெரிகிறது. என்ன சொல்கிறீர்கள்: "உட்காருங்க" என்றா, "டீயை வச்சிட்டுப் போ" என்றா?