ரீக்காவின் வாரம்

நவம்பரில் கெர்த்துவுக்குப் பன்னிரண்டு வயது முடிந்தது. கேக் வெட்டிய கத்தி கழுவி வைத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, துவோமாஸ் மனு போட்டுவிட்டான். பள்ளி நாட்கள் முழுவதும் மகள் தன்னோடு இருக்கட்டும், ரீக்கா இரண்டு வாரத்துக்கு ஒரு சனி, ஞாயிறு வைத்துக்கொள்ளட்டும் என்று.

நாலு வருஷமாக ஒரு வாரம் அம்மா, ஒரு வாரம் அப்பா என்று ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கெர்த்து எந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்புகிறாளோ அது அந்த வாரத்து வீடு. வடகோடியில் பனி மூடிக் கிடக்கும் ஊலு நகரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் வளர்கிறார்கள். இரண்டு பல்துலக்கி, இரண்டு தலையணை, அப்பாவையும் அம்மாவையும் ஒரே அறையில் பார்த்தால் ஒரு சின்னத் திகைப்பு. பன்னிரண்டு ஆகிவிட்டால் பிள்ளை என்ன சொல்கிறது என்பதைத்தான் குழந்தைநல அதிகாரிகள் முதலில் கேட்பார்கள். ஜனவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அதற்கு முந்தைய வாரம் ரீக்காவின் வாரம்.

மனுவில் துவோமாஸ் ரீக்காவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம். தூரத்தை மட்டும் எழுதியிருந்தான். அவன் வீடு காக்குரியில், பள்ளியிலிருந்து நடக்கிற தூரம், வாசலில் கார். ரீக்கா குடியிருப்பது ஆற்றுக்கு வடக்கே துயிராவில், மூன்றாவது மாடி. அங்கிருந்து பள்ளி எட்டு கிலோமீட்டர். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் இல்லை. காலை ஏழேகாலுக்குப் பனி வெட்டிய பாதையில் அம்மாவும் மகளும் சைக்கிளில் கிளம்புவார்கள். மைனஸ் இருபதானாலும் சரி, முப்பதானாலும் சரி.

"எட்டு கிலோமீட்டர்னா என்ன? நாங்க எல்லாம் போகலியா?" என்று அவள் சலவைக்கூடத்தில் சினிக்காவிடம் பொருமினாள். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை மடிக்கும் மேசையில் இருவரும் பதினோரு வருஷமாக எதிரெதிரே நிற்கிறவர்கள்.

"நீ போனடி. உனக்கு வேற வழி இல்ல, போன," என்றாள் சினிக்கா. "அந்தப் பொண்ணுக்குத்தான் இருக்கே வழி, சீட்டுகூடச் சூடாகிற காரு."

"இந்த ஒரு வாரம் நல்லாப் போச்சுன்னா போதும்."

"ஒரு வாரத்துல என்னத்தக் காட்டப்போற? சர்க்கஸா?"

ஊலுக்காரர்கள் வாயைத் திறக்குமுன் நன்றாக யோசிப்பார்கள், திறந்த பிறகு வருத்தப்படுவார்கள். சினிக்காவுக்கு இரண்டும் கிடையாது.

ரீக்காவுக்கு உறைத்தது. ஆனாலும் வாரத்தைத் திட்டம் போட்டுவிட்டாள். கெர்த்துவின் கையுறைகளை ராத்திரியே ரேடியேட்டர் மேல் பரப்பி வைத்தாள். கஞ்சியில் பாலை அதிகமாக்கினாள். மகள் முகத்தை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள்.

திங்கள் மைனஸ் இருபத்தேழு. காற்றை மறைக்க ரீக்கா முன்னால் மிதித்தாள். பாலத்தில் ஏறும்போது திரும்பிக் கேட்டாள்.

"குளிருதா?"

"இல்லம்மா."

"விரலு?"

"இருக்கு, பத்தும் இருக்கு."

பாலம் இறங்கியதும் விளக்குக் கம்பத்துக்குக் கீழே நின்று மூச்சு வாங்கினார்கள். கெர்த்து அம்மாவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, உன் இமையெல்லாம் நரைச்சுப்போச்சு. கிழவி மாதிரி இருக்க."

"உனக்கு மட்டும் என்னவாம்? மப்ளர்ல மீசை முளைச்சிருக்கு, போய்ப் பாரு. பசங்க எல்லாம் எந்திரிச்சு வணக்கம் சொல்லப்போறாங்க."

கெர்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ரீக்காவுக்கு அன்று மதியம்வரை போதுமானதாக இருந்தது. சினிக்காவிடம் இரண்டு தடவை சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் கெர்த்துவின் பின்சக்கரம் வழுக்கியது. விழவில்லை, காலை ஊன்றி நிமிர்ந்துகொண்டாள். ரீக்கா இறங்கி ஓடிவந்து குனிந்தாள். டயரைப் பார்த்தால், பனியில் வழுக்காமலிருக்கப் பதித்த ஆணிகள் தேய்ந்து மழுங்கியிருந்தன, பாதி ஆணிகளைக் காணவே இல்லை. கெர்த்து விழுந்து, கையில் கட்டோடு அடுத்த செவ்வாய் அதிகாரிகள் முன்னால் போய் உட்கார்ந்தால் என்ன ஆவது? புதன்கிழமை வேலை முடிந்து வரும்போது புது ஆணி டயர் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

வாசலில் நின்று டயர் மாற்ற முடியாத குளிர். வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். எனவே சைக்கிளை லிஃப்டில் நிமிர்த்தி நிற்கவைத்து சமையலறைக்கே கொண்டுவந்துவிட்டாள்.

பனிக்காலத்தில் சைக்கிளைச் சூட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அந்த ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். உள்ளே அப்பியிருக்கும் பனி உருகித் தண்ணீராகி, சங்கிலி பூட்டும் பற்சக்கரத்தின் வயிற்றுக்குள், ஃபிரீவீலுக்குள் இறங்கிவிடும். மறுபடி வெளியே போனதும் அது உறையும். அப்புறம் பெடல் சுற்றும், சக்கரம் சுற்றாது. கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றால் இரண்டு நாள் உள்ளேயே வைத்து நன்றாகக் காயவிட வேண்டும். ரீக்கா ஐந்து வயதிலிருந்து பனியில் மிதிக்கிறவள். அவளுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. டயரை மாற்றிய கையோடு, பனி முழுசாக உருகுமுன் கீழே கொண்டுபோய்விடலாம் என்று நினைத்தாள்.

ஆனால் அந்தச் சாயங்காலம் அவ்வளவு நன்றாக இருந்தது. அடுப்பில் மக்ரோனி வெந்துகொண்டிருந்தது. கெர்த்து மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள், நடுவில் இறங்கி வந்து டயரைப் பிடித்துக்கொண்டாள், செயினுக்கு எண்ணெய் விட்டாள், மூக்கில் ஒரு கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டாள். பழைய துணியால் கம்பி கம்பியாகத் துடைத்தார்கள். சைக்கிள் புதுசாகிவிட்டது.

"இது இங்கேயே இருக்கட்டும்மா," என்றாள் கெர்த்து. "காலைல எந்திரிச்சதும் பாக்கணும். அழகா இருக்கு."

"அதெல்லாம் கூடாதுடி. உனக்கே தெரியும்."

"அதான் துடைச்சிட்டோமே."

மகள் ஒன்றைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! ரீக்காவுக்கு மறுக்க மனசு வரவில்லை. ரேடியேட்டர் பக்கம் சாய்த்துவைத்தால் விடியுமுன் காய்ந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். காயாது என்று தெரிந்தேதான் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமைகளில் ரீக்காவுக்கு ஆறு மணி ஷிஃப்ட். அன்றைக்கு மட்டும் கெர்த்து தனியாகப் போவாள், அது வழக்கம்தான். வெளியே மைனஸ் முப்பத்தொன்று. சலவைக்கூடத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஒன்பதரைக்குக் காப்பி இடைவேளையில் எடுத்துப் பார்த்தபோது ஆறு தவறிய அழைப்புகள் இருந்தன. துவோமாஸின் செய்தி ஒன்றும் இருந்தது. 'கெர்த்து என்னிடம் இருக்கிறாள். கன்னத்திலும் விரல்களிலும் பனிக்கடி. டாக்டர் பார்த்துவிட்டார். பயப்படாதே.'

நடந்தது இதுதான். பாலம் தாண்டும்வரை சைக்கிள் ஓடியது. அப்புறம் பெடல் வெறுமனே சுற்றியது. கெர்த்து இறங்கி, நாலு கிலோமீட்டருக்கு மேல் அதைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். எதிர்க்காற்று. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு கன்னம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது, வலது கை விரல்கள் மடங்கவில்லை. டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார். கெர்த்து வழியில் யாருக்கும் போன் பண்ணவில்லை, அவள் போன் குளிரில் செத்திருக்கும் என்று எல்லோரும் அவரவரே முடிவு கட்டிக்கொண்டார்கள். அந்தக் குளிரில் அது சகஜம்.

ரீக்கா காக்குரிவரை நிற்காமல் மிதித்தாள். துவோமாஸ் கதவைத் திறந்தான். சண்டைக்குத் தயாராக வந்தவளிடம் ஒரு காப்பிக் கோப்பையை நீட்டினான்.

"உன்னக் குத்தம் சொல்லல ரீக்கா. யாருக்கும் நடக்கும்."

"யாருக்கும் நடக்காது. சைக்கிள உள்ள வெச்சேன். நான்தான் வெச்சேன்."

அவனும் ஊலுக்காரன். உள்ளே வைத்தாள் என்றதுமே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சோபாவில் போர்வைக்குள் கெர்த்து இருந்தாள். கன்னத்தில் மருந்து பூசியிருந்தார்கள். ரீக்கா கீழே உட்கார்ந்து அந்தக் கையைப் பிடிக்கப் போனாள், கட்டைப் பார்த்ததும் தன் கையை இழுத்துக்கொண்டாள். கண்ணீர் நிற்காமல் வந்தது.

"ஒண்ணும் இல்லம்மா, சரியாயிடும். அழாத," என்றாள் கெர்த்து. "நான்தான உள்ள வைக்கச் சொன்னேன். அழாதம்மா."

நல்ல கையால் அம்மாவின் தலையைத் தடவிக்கொடுத்தாள். ரீக்கா வெகுநேரம் அழுதாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அதிகாரிகளின் அலுவலகத்தில் மேசை நடுவில் டிஷ்யூப் பெட்டி இருந்தது. அதிகாரி ஒரு மெலிந்த பெண்மணி, கம்பளிச் சட்டை போட்டவர். கெர்த்துவை முதலில் தனியாக அழைத்துப்போய் அரை மணி நேரம் பேசிவிட்டுக் கூட்டிவந்தார். வெளியே காத்திருந்தபோது ரீக்கா சொல்லவேண்டியதை மனசுக்குள் அடுக்கிவைத்திருந்தாள். பேருந்துப் பாஸ் வாங்குகிறேன், ஷிஃப்டை மாற்றிக்கொள்கிறேன், ஓட்டுநர் பயிற்சியில் பெயர் கொடுத்துவிட்டேன். அந்தக் கடைசி விஷயம் நிஜம். வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டாள்.

"கெர்த்து தானே சொல்றேன்னு சொன்னா," என்றார் அதிகாரி.

கெர்த்து மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் அப்பா வீட்டுல இருக்கேன்."

"தூரம்தானடி? அதுக்கு நான் ஏற்பாடு பண்ணிட்டேன்," ரீக்கா முந்திக்கொண்டாள். "பஸ்ல போலாம். சைக்கிளே வேண்டாம். அன்னிக்கு நடந்தது இனிமே—"

"சைக்கிளுக்காக இல்லம்மா. எனக்கு சைக்கிள் பிடிக்கும்."

"அப்ப குளிரா?"

"குளிரும் இல்ல." கெர்த்து கைக்கட்டின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அன்னிக்கு போன் நல்லாத்தான் இருந்துச்சு. நான் பண்ணல."

"ஏண்டி?"

"உனக்குப் பண்ணா, இடைவேளைல பாத்ததும் நீ ஓடி வருவ. வந்து அழுவ. அப்புறம் நான் உன்ன சமாதானப்படுத்தணும். எனக்குக் கை ரொம்ப வலிச்சுதும்மா. ரெண்டும் என்னால முடியாதுன்னு தோணுச்சு."

"அப்பாவுக்காவது பண்ணியிருக்கலாமே கண்ணு," என்றான் துவோமாஸ் மெதுவாக.

"உனக்குப் பண்ணா நீ இங்க வந்து அதச் சொல்லுவ. அம்மா தோத்துருவா." அவள் முதல் தடவையாக நிமிர்ந்தாள். "நடந்துக்கிட்டே யோசிச்சேன். காலைல எந்திரிச்சா அம்மா என் மூஞ்சியத்தான் பாக்கறா. கஞ்சி பிடிச்சிருக்கா, குளிருதா, சந்தோஷமா இருக்கேனான்னு. நான் சிரிக்கணும். சிரிக்கலைன்னா அன்னிக்கு முழுக்க அவளுக்குப் போச்சு. அப்பா வீட்டுல யாரும் என்னப் பாக்கறதில்ல. நான் பாட்டுக்கு இருக்கலாம்."

துவோமாஸுக்கும் அது பெருமையான வார்த்தை இல்லை. அவன் ஜன்னலைப் பார்த்தான்.

ரீக்காவுக்கு அடுக்கிவைத்த எதுவும் நினைவில் இல்லை. பஸ், ஷிஃப்ட், ஓட்டுநர் பயிற்சி எல்லாம் யாரும் கேட்காத கேள்விக்குத் தயார் செய்த பதில்கள். தூரமாக இருந்தால் வீடு மாறலாம், குளிராக இருந்தால் மார்ச்சுக்குக் காத்திருக்கலாம். தான் பார்க்கிற பார்வைதான் பாரம் என்று பிள்ளை சொன்னால் எந்த வீட்டுக்கு மாறுவது?

அதிகாரி காகிதத்தைத் திருப்பி வைத்தார். "கெர்த்துகிட்ட ஏதாவது சொல்லணுமா?"

கெர்த்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, இப்போது உடையுமா, இன்னும் கொஞ்சத்தில் உடையுமா என்று பார்க்கிற பார்வை. டிஷ்யூப் பெட்டியை எடுக்கத் தயாராக அவளுடைய நல்ல கை மேசை மேல் முன்னால் நகர்ந்திருந்தது.

ரீக்கா சிரித்தாள். அவளுக்கே ஆச்சரியமாக, அது நல்ல சிரிப்பாக வந்தது.

"சரிடி. அப்படியே ஆகட்டும். எனக்கும் காலைல கொஞ்சம் கூடுதலாத் தூங்கக் கிடைக்கும். சனிக்கிழமை என்ன சமைக்கட்டும்?"

"எதுன்னாலும் சரி." கெர்த்து உற்றுப் பார்த்தாள். "நிஜமாவே சரியாம்மா?"

"நிஜமாத்தான். போ, அப்பா காரைச் சூடு பண்ணணும்ல."

கெர்த்துவின் தோள்கள் இறங்கின. அந்த மூஞ்சியில் ஒரு நிம்மதி பரவியது, நாலு வருஷத்தில் ரீக்கா பார்த்தே இராத நிம்மதி. கஞ்சிக்கோ மக்ரோனிக்கோ புது டயருக்கோ வராதது அது. தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "வரேன்மா!" என்று கத்திவிட்டு, நீளமான தாழ்வாரத்தில் பூட்ஸ் தடதடக்க ஓடினாள். வாசல்வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.