குப்புறப் படுக்கும் நாள்

ஞாயிறு மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் அவளுடைய கால்கள் தாமாகவே உள்ளறைப் பக்கம் போகும். கல்யாணமான நாள் முதல் வந்த பழக்கம். வாரம் முழுக்கக் கிடங்கில் மூட்டை சுமந்த முதுகோடு அவன் குப்புறக் கிடப்பான். அவள் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அந்த முதுகின் மேல் ஏறி மிதிப்பாள். இடுப்பில் தொடங்கித் தோள்பட்டை வரைக்கும், பிறகு திரும்பி இடுப்புக்கு. எங்கே குதிகாலை இறக்க வேண்டும், எங்கே விரல்களை மட்டும் ஊன்ற வேண்டும் என்று கால்களுக்கே தெரியும்.

"நல்லா மிதி. நீயெல்லாம் ஒரு மூட்டையா?"

"லாரியையே தூக்குறவருக்கு நான் எங்க உறைக்கப்போறேன்" என்று இன்னும் ஓங்கி மிதிப்பாள்.

பிறகு இறங்கிப் பக்கத்தில் படுப்பாள். அதற்கப்புறம் நடப்பது புருஷன் பெண்டாட்டி விஷயம். சில வாரம் ஒன்றும் நடக்காது. இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

இப்போது அவன் முன்னறையில் தனிப் பாயில் மல்லாந்து கிடக்கிறான். வயிற்றில் பை.

வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்ததை அவன் சூடு என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். மூலம் என்றான். கண்டதையும் தின்றதால் என்றான். கடைசியில் மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறும்போது கண் இருட்டி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. மலக்குடலில் கட்டி. டாக்டரம்மா அதை வெட்டி எடுத்து, மிச்சமிருந்த குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். தையல் ஆறும்வரை அந்த வழியில் எதுவும் போகக்கூடாது என்பதால், மேலே ஓரிடத்தில் குடலை வளைத்து வயிற்றுக்கு வெளியே இழுத்து வைத்து, அதன் மேல் பையை ஒட்டினார். தையல் ஆறியதும் குடலை உள்ளே வைத்து அந்த ஓட்டையை மூடிவிடுவதாகச் சொன்னார். வெளியே தெரிந்த சிவப்புச் சதையை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'வாய்' என்றார்கள். ஈரமாக, உதடு மாதிரிதான் இருந்தது. நிரம்பினால் பையைக் காலி செய்ய வேண்டும். அந்த வாய்க்கு அடக்கம் கிடையாது. ஆள் இருக்கிறார்களா, சோறு தின்கிறார்களா என்று பார்க்காது. நினைத்த நேரத்தில் சத்தம் போடும்.

"உள்ள வந்து படுங்களேன்" என்று வீட்டுக்கு வந்த முதல் நாளே கேட்டாள்.

"பை ஒழுகினா?"

"ஒழுகினா தொவைக்கிறேன். நான் என்ன வேலை பாக்குறேன்னு மறந்துபோச்சா?"

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய லாட்ஜின் சலவைக்கூடத்தில். முகம் தெரியாத ஜனங்கள் படுத்துப் புரண்ட விரிப்புகள் மலையாக வந்து விழும். எந்தக் கறை எதனால் என்று அவள் பார்த்தவுடனே சொல்வாள். மூக்கைச் சுளித்தால் அந்த இடத்தில் கஞ்சி குடிக்க முடியாது.

"கண்டவன் பீயெல்லாம் கை படுது. கட்டினவனோடது மட்டும் கசக்குமா?"

அவன் சிரிக்கவில்லை. "மூடட்டும்டி. மூடிட்டு ஆம்பளையா உள்ள வரேன்."

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. உள்ளறைப் பாயில் தன் பாதியில் மட்டும் படுத்தாள். அவன் பாதியில் யாரும் படுக்காமலே விரிப்பு அழுக்காகியது. துவைத்து விரித்தாள். சலவைக்கூடத்தில் சோப்புத் தொட்டிக்குள் இறங்கி விரிப்புகளை மிதிக்கும்போது கால் சில நேரம் அந்த முதுகை நினைத்துக்கொள்ளும். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும் சதை. துணிக்குள் அது எங்கே இருக்கிறது?

சோதனையெல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, உள்தையல் நன்றாக ஆறிவிட்டது, அடுத்த மாதம் மூடிவிடலாம் என்றார். அன்றைக்கு அவன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தான். வீட்டுக்கு வந்ததும் அவளைப் பார்த்து, "காலை நல்லாத் தேச்சுக் கழுவி வை. வேலை வரப்போகுது" என்றான். அவளுக்கு முகமெல்லாம் சூடானது. இந்த வயதில் என்ன வெட்கம் என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அந்தச் சந்தோஷம்தான் அவனைக் கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போனது.

தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவனும் கூட்டாளிகளைப் பார்க்கத்தான் போனான். கிடங்கில் அவனுக்குப் பெயர் கிரேன். கூடவே வேலை செய்த ஒல்லி அவனைக் கண்டதும் தோளிலிருந்த மூட்டையை இறக்காமலே கத்தினான்:

"டேய், கிரேன் வந்துட்டான்டா! முன்பக்கம் டேங்க் வச்சு விட்டிருக்காங்களாமே?"

"அடுத்த மாசம் டேங்கைக் கழட்டிடுவாங்க. அப்புறம் உன்னையும் சேத்துத் தூக்குறேன் பாரு."

"கிழிச்ச. உடம்பு பஞ்சு மாதிரி ஆயிப்போச்சு. இனிமே நீ கிரேன் இல்ல, தள்ளுவண்டி."

ஒல்லி வேடிக்கைக்குச் சொன்னதுதான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒல்லியின் தோளிலிருந்த துண்டை உருவினான்.

சுமை தூக்குகிறவர்களுக்குத் துண்டுதான் வேதம். தொப்புளுக்குக் கீழே அதை மூச்சு முட்ட இறுக்கிக் கட்டிவிட்டால் எந்தச் சுமைக்கும் குடல் இறங்காது என்பது அங்கே எல்லோரும் நம்பும் விஷயம். அவனும் அப்படித்தான் இத்தனை வருஷம் தூக்கினான். வயிறு மூடியிருக்கும்வரை அது எப்படியோ ஓடிவிட்டது. நடுவில் ஒரு வாய் திறந்திருக்கும் வயிற்றை இறுக்கிக் கட்டி மூச்சை அடக்கினால், உள்ளே இருப்பது எந்த வழியாக வரும் என்று அவன் யோசிக்கவில்லை. பைக்குக் கீழே துண்டைச் சுற்றி இறுக்கினான். ஒல்லி, "டேய் வேணாம்டா, சும்மா சொன்னேன்டா" என்று வருவதற்குள் ஒரு சர்க்கரை மூட்டையை முதுகுக்கு ஏற்றிவிட்டான். நாலு எட்டு வைத்தான். பிறகு மூட்டையைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஒல்லி சலவைக்கூடத்துக்கு ஓடிவந்து சொன்னபோது அவள் தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்தாள். கால் ஈரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பைக்குள் குடல் ஒரு முழத்துக்குப் பிதுங்கி வந்து, வீங்கி, கறுத்துப்போயிருந்ததாம். அப்படியே தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வெளியே பெஞ்சில் ஒல்லி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"நான்தான் அக்கா வாயைக் கொடுத்தேன்."

"நீ வாயைத்தான் கொடுத்தே. மூட்டையைத் தூக்கினது அவரு. போய் டீ வாங்கிட்டு வா."

டாக்டரம்மா வெளியே வந்தபோது முகத்தில் கோபமும் களைப்பும் இருந்தன. "செத்துப்போன குடலை வெட்டிட்டேன். நல்ல குடலை வெளிய இழுத்துப் புது வாய் வச்சிருக்கேன். உயிருக்கு ஒண்ணும் இல்ல."

"அடுத்த மாசம் மூடுறதும்மா?"

"அந்தப் பேச்சை இப்போ எடுக்காதீங்க. வயிறு ஆறணும், உடம்பு தேறணும். அப்புறம் பாக்கலாம். எப்போன்னு கேட்டா எனக்கே தெரியாது. பொய்யா ஒரு தேதி சொல்ல மாட்டேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது. மூட்டையின் மேல், துண்டின் மேல், மூடிட்டு வரேன் என்ற அந்தச் சொல்லின் மேல்.

வீட்டுக்குக் கூட்டிப்போகும் அன்று பை மாற்றச் சொல்லிக்கொடுக்கும் நர்சைத் தனியாகப் பிடித்தாள். சுற்றிவளைத்துக் கேட்க அவளுக்குத் தெரியாது.

"சிஸ்டர், இவர் குப்புறப் படுக்கலாமா?"

"இப்போ கூடாது. காயம் நல்லா ஆறி, டாக்டர் சரின்னு சொன்ன பிறகு படுக்கலாம். பையைக் காலி பண்ணிக்கணும். வாய் மேல மட்டும் எதுவும் அழுத்தக்கூடாது. நடுவுல ஓட்டை உள்ள தலையணை மாதிரி ஏதாவது வச்சுக்கிட்டா நல்லது. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

நர்ஸ் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பொம்பளைக்குப் பொம்பளை என்ன சும்மா? போங்க."

காயம் ஆற நாளானது. அவன் முன்னறையில் சுவரைப் பார்த்துக் கிடந்தான். ஒல்லி வந்தால்கூடத் திரும்பவில்லை. மூடுவது பற்றி அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. காயத்தைப் பார்த்த டாக்டரம்மா, குப்புறப் படுக்கலாம், எதையும் தூக்கத்தான் கூடாது என்று சொன்ன வாரம், ஞாயிறு மதியம், அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். ஆணியில் மூட்டைக் கொக்கியோடு தொங்கிக்கொண்டிருந்த அவனுடைய சும்மாட்டை முந்தின நாளே எடுத்திருந்தாள். தலையில் சுமை வைக்கும்போது அடியில் வைத்துக்கொள்கிற துணி வளையம். வருஷக்கணக்கில் மூட்டை அழுத்தி, வியர்வை ஊறி, வட்டமாக இறுகிப்போயிருந்தது. அதைப் பிரித்து அலசிக் காயவைத்து, நடுத்துளை பெரிதாக வரும்படி பழைய விரிப்பையும் சேர்த்துத் தடிமனாகச் சுற்றியிருந்தாள். இப்போது அதை உள்ளறைப் பாயில் அவனுடைய பாதியில் வைத்தாள்.

"எழுந்து வாங்க."

"எங்க?"

"உங்க இடத்துக்கு."

"இவளே, மூடாம..."

"மூடுறப்போ மூடட்டும். அதுவரைக்கும் நான் சுவரோடயா குடும்பம் நடத்துறது?"

அவன் வாசலில் நின்று சும்மாட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கழிவறைக்குப் போய்ப் பையைக் காலி செய்துவிட்டு வந்தான். மெதுவாக மண்டியிட்டுக் கைகளை ஊன்றிக் கவிழ்ந்தான். பை வளையத்தின் நடுவே சரியாக இறங்கியது. கன்னத்தைப் பாயில் வைத்து மூச்சை விட்டான். எத்தனையோ காலமாக உள்ளேயே நின்றிருந்த மூச்சு.

அவள் முதலில் கையால்தான் தொட்டாள். வரப்புகள் கரைந்திருந்தன. எலும்பு கையில் தட்டியது. இது அந்த முதுகு இல்லை. அந்த முதுகேதான். சுவரில் கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கித் தோள்பட்டையில் பூப்போல வைத்தாள்.

அப்போது பார்த்து அடியிலிருந்து சத்தம் வந்தது. நீளமாக, வெட்கமில்லாமல். அவன் உடம்பு விறைத்தது. எழுந்திருக்கக் கையை ஊன்றினான்.

"படுங்க. யாரோ கூப்பிடுறாங்க, பதில் சொல்லிட்டுப் படுங்க."

ஊன்றிய கையை மடக்கி மறுபடி கவிழ்ந்தான். பிறகு அவள் காலுக்கடியில் முதுகு குலுங்கியது. அழுகிறானோ என்று குனிந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணிலும் ஈரம் இருந்தது.

"மிதிடி" என்றான். "நீயெல்லாம் ஒரு மூட்டையா?"

அவள் அழுத்தினாள், தோள்பட்டையில் மட்டும், விரல்களால் மட்டும். ஏறி நிற்க முடியாது. ஒரு கால் அவன் மேல், மறு கால் தரையில். தரையில் நின்ற கால் சும்மா இருக்கவில்லை. குதிகால் தானாக எழும்பி எழும்பி இறங்கிக்கொண்டிருந்தது.