வட்டம் போடாத இடம்

இருபத்திரண்டு வருடத் திருமண வாழ்க்கையில், அந்தப் பாய்மரப் படகில், அச்சகத்தில் பிழை திருத்தும் புரூஃப்காரருக்கு ஒதுக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான்: டார்ச் பிடிப்பது. அதையும் அவர் ஒழுங்காகச் செய்ததில்லை. டார்ச் பிடிக்க என்ன பெரிய திறமை வேண்டும் என்று கேட்பவர்கள் அவர் பிடித்துப் பார்த்ததில்லை. மனைவி குனிந்து திருகாணியை முடுக்கிக்கொண்டிருப்பாள். வெளிச்சம் மெல்ல நகர்ந்து, அவர் மடியில் விரிந்திருக்கும் புத்தகத்துக்கு வந்துவிடும்.

"எனக்கு ஆணி தெரியணும். உங்களுக்குக் கதை அப்புறம் தெரிஞ்சாப் போதும்," என்பாள்.

படகின் உலோக வேலை முழுக்க அவளுடையது. 'அக்கா மாட்டுனா அசையாது' என்பது படகுத்துறையில் ஒரு பேச்சாகவே ஆகியிருந்தது. யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் காதில் விழாதவள் போல் இருப்பாள். அன்றைக்கு மட்டும் காபியில் அரைக் கரண்டி சர்க்கரை கூடும்.

அவள் இறந்த பிறகு பதினான்கு மாதம் படகு கேட்பாரற்றுக் கிடந்தது. உப்புக்காற்று சும்மா இருக்குமா? பித்தளையில் களிம்பு, இரும்பில் துரு. மறுபடி கடலில் இறக்க வேண்டுமென்றால் படகுப் பட்டறைக்காரர் வந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அதற்குள் எல்லாவற்றையும் தானே சீர்செய்வதாகப் புரூஃப்காரர் அறிவித்தபோது, மனைவியின் தம்பி சாப்பிட்ட கையோடு நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்களா மாமா? வீட்ல குழாய் ஒழுகுனா வாளி மாத்துறவராச்சே."

"நாற்பது வருஷம் அச்சுப்பிழை திருத்தியிருக்கேன் மச்சான். இதுவும் பிழைதானே."

"எழுத்து விட்டுப்போனா யாரும் முழுகிட மாட்டாங்க மாமா."

அவர் சிவப்புச் சுண்ணாம்புக்கட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு படகில் ஏறினார். கெட்டுப்போன உலோகத்தைச் சுற்றியெல்லாம் வட்டம், பக்கத்தில் எண். மூன்று நாளில் நாற்பத்தொரு வட்டம். படகுக்கு அம்மை போட்டது போல் இருந்தது. பிறகு மூன்று வாரம் தேய்த்தார், எண்ணெய் விட்டார், மாற்றினார். உப்புத்தாளில் கைரேகை போனது. எதற்கும் அசையாத ஒரு போல்ட்டோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகு, அதைத் தான் இறுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

களைத்தால் புத்தகம். தடியான புத்தகம்; மூன்று வருடமாகப் படிக்கிறார். விட்ட இடத்தின் அடையாளத்துக்கு நாலு ஓட்டை போட்ட ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு. எங்கிருந்து வந்தது என்று அவர் யோசித்ததில்லை.

பட்டறைக்காரர் ஒரு சாயங்காலம் வந்தார். மச்சானும் கூட இருந்தான். நாற்பத்தொன்றையும் இழுத்தார், தட்டினார், தலையாட்டினார். "பரவாயில்லையே சார்," என்றார். புரூஃப்காரருக்கு நெஞ்சு ஒரு சுற்று பெருத்தது. பட்டறைக்காரர் போகிற போக்கில் அலுமினியப் பாய்மரத்தின் அடியில் இருந்த எவர்சில்வர் கொம்பைப் பிடித்து ஆட்டினார். பாய்க்கயிற்றைச் சுற்றிக் கட்டும் கொம்பு அது. அது ஆடியது. அடியிலிருந்து வெள்ளை மாவு கொட்டியது.

"இதுக்கு வட்டத்தைக் காணோமே சார்?"

"அது அவ மாட்டுனது. கடைசியா மாட்டுனது. அதனால பார்க்கலை."

பட்டறைக்காரர் திருப்புளியை வைத்து நெம்பினார். ஒரு திருகாணி முறிந்தது. கொம்பு கையோடு வந்தது. அடியில் அலுமினியம் கறையான் அரித்த பலகை மாதிரி இருந்தது.

"எவர்சில்வரையும் அலுமினியத்தையும் ஒட்ட வச்சா, உப்புத்தண்ணி பட்டதும் ஒண்ணு இன்னொண்ணைத் தின்னுடும். நடுவுல பிளாஸ்டிக் தகடு வைக்கணும். அக்காவா இப்படி விட்டாங்க?" அவர் குரலில் கோபம் இல்லை, ஏமாற்றம் இருந்தது. "அப்ப அவங்க மாட்டுன எல்லாத்தையும் கழட்டித்தான் பார்க்கணும். நம்பி இறக்க முடியாது."

மச்சான் தரையைப் பார்த்தான். "அக்காவும் மனுஷிதானே," என்றான் மெதுவாக.

நாலு திருகாணி, நாலு ஓட்டை. புரூஃப்காரர் தன் பையைத் திரும்பிப் பார்த்தார். அதை மாட்டிய அன்று, இருட்டத் தொடங்கிய வேளையில், இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்தபடி அவள் கேட்டது நினைவுக்கு வந்தது: "தகடு வெச்சீங்களா?" அவர் "ம்" என்றார். மடியிலிருந்த கதையில் அப்போதுதான் யாரோ கதவைத் தட்டியிருந்தார்கள்.

புத்தகம் பைக்குள்தான் இருந்தது. பையைத் திறக்காமல் விட்டால் போதும். அவள் வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. அவள் மாட்டிய ஒவ்வொன்றையும் கழற்றுவார்கள். நாளைக்கே துறை முழுக்க, 'அக்காவும் சொதப்பியிருக்கா' என்று ஆகும். அவர் மட்டும் நாற்பத்தொரு வட்டத்தின் பெருமையோடு வீட்டுக்குப் போகலாம்.

அவர் பையைத் திறந்தார். கறுப்புத் துண்டை உருவி அரித்த இடத்தின் மேல் வைத்தார். ஓட்டைக்கு ஓட்டை உட்கார்ந்தது.

"அவ அளவெடுத்து வெட்டிக் குடுத்தா. அன்னிக்கு அதைச் செருகுறதுதான் என் வேலை. வெச்சுட்டேன்னு சொல்லிட்டேன்."

மச்சான் தகட்டைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"ஒரே ஒரு வேலை மாமா," என்றான். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பட்டறைக்காரர் முறிந்த ஆணியைத் தூக்கிப் போட்டார். "அப்ப அக்காவோட மத்த வேலையைத் தொட வேண்டாம். இதை மட்டும் நாலு விரக்கடை மேல ஏத்தி மாட்டுங்க. மேல அலுமினியம் நல்லாயிருக்கு. நாளைக்கு வந்து பார்க்கிறேன்."

அவர் போன பிறகு மச்சான் புதிதாய்த் துளை போட்டான். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அவன் கொம்பைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, புரூஃப்காரர் ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் தகடுமாகக் குனிந்தார்.

"தகடு வெச்சாச்சா மாமா?"

'ம்' வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, முகத்தைப் பாய்மரத்தோடு ஒட்டி, தகட்டின் நாலு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"வெச்சாச்சு."

"சத்தியமா?"

"நீயே பாரு."

அவன் குனிந்து பார்த்தான். பார்த்த பிறகுதான் முடுக்கினான். கடைசித் திருகாணி இறங்கும்வரை வெளிச்சம் ஆணியை விட்டு நகரவில்லை.

பைக்குள் புத்தகம் மூடிக் கிடந்தது. எந்தப் பக்கத்தில் விட்டார் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.