நாலு மூலை

அறுவடை வண்டியால் வரப்பை ஒட்டித் திரும்ப முடியாது. அதனால் வயலின் நாலு மூலையிலும் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு முன்கூட்டியே கையால் அறுத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் கதிரை மிதித்துவிடும்.

கடல் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. வயல் நனைந்தால் டயர் வண்டி புதையும்; சேற்றில் ஓடும் பெல்ட் வண்டி கிடைப்பதற்குள் சாய்ந்த கதிர் முளைவிடும். அன்பரசன் ஓட்டும் டயர் வண்டி பக்கத்து வயலை முடிக்கப் போகிறது; அடுத்தது இவர்கள் வயல். அறுக்க ஆள் கிடைக்கவில்லை. எல்சியும் கணவர் டேவிட்சனும் ஆளுக்கொரு கருக்கரிவாளோடு இறங்கினார்கள்.

எல்சி செய்த தப்பு ஒன்றுதான். செல்போனில் ஆங்கிலம் படிக்கிறவள், காலையில் வந்த ‘டாடில்’ (dawdle) என்ற சொல்லுக்கு அவரிடம் அர்த்தம் கேட்டுவிட்டாள். அவர் மயிலாடுதுறையில் ஆங்கில ஆசிரியர்.

“டாடில்னா சும்மா இருக்கறது இல்ல எல்சி. வேலையில இறங்கியிருப்பான், ஆனா இழுத்துக்கிட்டே இருப்பான். ஸ்கூலுக்குக் கெளம்பற புள்ள ஒத்த சாக்ஸ மாட்டிட்டு பல்லியப் பாத்துக்கிட்டு நிக்குமே, அது.”

“புரிஞ்சுடுச்சுங்க. அறுங்க.”

“இரு, லாய்ட்டர்னு ஒண்ணு இருக்கு. அது பஸ் ஸ்டாண்டுல காரணமில்லாம சுத்தறது, போலீஸ் வெரட்டறது. டாடில்ல பாதி செல்லம் கலந்திருக்கும்.”

“எனக்கு இப்ப செல்லமா எதுவும் வாயில வரலை.”

அவள் இரண்டாவது மூலையை முடித்தபோது அவர் நாலு பிடிகூட அறுத்திருக்கவில்லை. அன்பரசன் வண்டியை வரப்போரம் நிறுத்தி எட்டிப் பார்த்தான்.

“என்ன சார், இன்னும் மூலை அறுக்கலையா? எதிர் வயல்ல எறங்கறேன். மழை வந்துட்டா என்னைக் கேக்காதீங்க.”

குனிந்த எல்சி மிச்ச இரண்டு மூலையையும் தானே முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். இடுப்பு விட்டுப்போனது.

“போங்க. முதல்ல நம்மளுதுக்கு வரச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க. அத மட்டும் சொல்லுங்க.”

அவர் வேகமாகத்தான் போனார். எதிர் வயலில் கை நீட்டி வண்டியை நிறுத்தினார். சற்று நேரத்தில் எஞ்சின் சத்தமே அடங்கிப்போனது. அன்பரசன் இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். டேவிட்சன் ஒரு காலைத் தூக்கி, சாக்ஸ் மாட்டுவதுபோல் நடித்துக் காட்டினார். அன்பரசன் சிரித்தான்.

எல்சியின் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அரிவாளைக்கூடக் கீழே போடாமல் அவர்களை நோக்கி ஓடினாள்.