பெரட்டுக்குப் போன கால்

ராகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், நாகலெட்சுமியின் இடது கால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் இல்லாமலே வேலைக்குப் போனது. அன்று லேசான தூறல். இரண்டு மாதத்துக்கு முன் ஆட்டோ கவிழ்ந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு மூன்றாய் முறிந்ததில், பெரியாஸ்பத்திரியில் சதையைத் துளைத்து எலும்பில் ஆணி இறக்கி, வெளியே இரும்புக் கம்பிகளைப் பூட்டி, காலை ஊன்றவே கூடாதென்று அனுப்பியிருந்தார்கள். அவள் கேட்டாள், கால் கேட்கவில்லை. ஆறரைச் சங்கு ஊதியதும் முழங்காலிலிருந்து கழன்று, கம்பளியை உதறிவிட்டு, தோட்டத்து வரிசை வீடான லயத்தின் படிகளில் டங் டங்கென்று இறங்கிப் போனது. ரத்தமில்லை, வலியுமில்லை. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது என்பார்கள். இருபத்திரண்டு வருடம் மலை ஏறிய கால் மட்டும் இருந்துவிடுமா?

காலையில் ஆட்களைக் கூப்பிட்டுப் பேர் போடும் பெரட்டுக்களத்தில் சின்னராசா கங்காணி அதை மேலும் கீழும் பார்த்தார். "ஆளு முழுசா வரல. அரைப்பேருதான், பாதிச் சம்பளம்" என்று பத்தாம் நம்பர் மலைக்கு அனுப்பினார். காலால் கொழுந்து பறிக்க முடியாதே, அதனால் நிரைக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். கம்பி மினுங்குவதைக் கண்டு குளவிகள் வேறு வழியாகப் போயின; ஒரு சிறுத்தையும் போனது. "பேச்சில்ல, தண்ணி கேக்கல, மழைக்கி ஒதுங்கல. இப்படி நாலு இருந்தாப் போதும்" என்று கங்காணி மெச்சிக்கொண்டார். அந்தியில் கால் திரும்பி வந்து முழங்காலில் பொருந்திக்கொள்ளும். புருசன் ஜீவராஜ் கம்பிகளுக்கிடையே கடித்துத் தொங்கும் அட்டைகளைப் பிடுங்கி, ஆணிக்குழிகளை உப்புத்தண்ணீரால் துடைப்பான். அதுவரை அவன் ஒரு கோப்பை கூடக் கழுவியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்தால் எலும்பு ஒரு நூல்கூடச் சேரவில்லை. அடுத்த மாதமும் இப்படியென்றால் வெட்டத்தான் வேண்டும் என்றார் டொக்டர். நாகலெட்சுமி பஸ்ஸில் வழிநெடுக அழுதாள். "போற காலு அந்திக்குத் திரும்பி வந்துருது. வெட்டுன காலு வருமா?" ஜீவராஜ் அன்றைக்கே காலைக் கட்டிலோடு கயிறு போட்டுக் கட்டினான். மறுநாள் கட்டிலும் பெரட்டில் நின்றது. கட்டிலுக்குப் பேர் போடவில்லை.

அவள் கங்காணிக்கு ஆளனுப்பிக் கெஞ்சினாள். "அஞ்சு நிமிசம் பிந்தினா என்னய வெரட்டுவீங்களே, அதயும் வெரட்டுங்க." கங்காணி, "அது ஒரு நாளும் பிந்தலயே, என்னத்தச் சொல்லி வெரட்டுறது?" என்று கையை விரித்தார். மறுநாள் அவளே கக்கத்துக் கட்டைகளை ஊன்றி, வழுக்கி, பெரட்டுக்குப் போனாள். எல்லாரும் பார்க்கத் தன் காலைப் பிடித்து ஏசினாள்.

"அடி சவமே! காய்ச்சலோட வந்தோம். வவுத்துல புள்ளயோட வந்தோம். ஒரு நாளு யாராச்சும் நம்மள ஒக்காருன்னு சொன்னாங்களா? நான் சொல்றேன், வீட்டுல போயி ஒக்காரு. நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

கால் வரிசையை விட்டு வெளியே வந்தது. பிறகு லயத்துப் பக்கம் திரும்பி நடந்தது.

ஐந்து மாதத்தில் எலும்பு சேர்ந்தது, கம்பிகளைக் கழற்றினார்கள். அடுத்த திங்கட்கிழமை சங்கு ஊதியதும் நாகலெட்சுமி மலைக்குப் போக இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டினாள். கால் எழும்பவில்லை. கூப்பிட்டாள், அதட்டினாள். உட்காரச் சொன்னது யாரென்று நினைவு வந்ததும் கோபம் போய்விட்டது. அவளும் உட்கார்ந்து, பால் போடாத தேயிலைச் சாயத்தண்ணியைச் சூடு ஆறுமுன் கடைசி மடக்குவரை குடித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. தேடி வந்த பக்கத்து லயத்துப் பிரேமினியிடம் ஜீவராஜ் வாசலில் நின்று, "காலு இன்னும் எந்திரிக்கல" என்றான். பிரேமினியும் சரியென்று மலைக்குப் போனாள்.